குவில்ட்டின் பின்பக்கம்: துணிக்கலையைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

கண்காட்சி முடிந்த மாலை. சுவரில் தொங்கியவற்றைக் கழற்றி, முன்பக்கம் அழுக்காகாமல் இருக்க, பின்பக்கம் மேலே தெரியும்படி நீள மேஜை ஒன்றில் அடுக்கியிருந்தார்கள். என் முறை வந்ததும், கையில் பட்டியலோடு நின்ற பெண் கேட்டார்: “எதுல உங்க பேரு இருக்கு மேடம்?”

எதிலும் இல்லை. நான்கு மாதம் உட்கார்ந்து தைத்த குவில்ட் அது. ஒவ்வொரு முக்கோணத்தின் முனையும் கூராக வந்திருக்கிறதா என்று விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தவள், பின்பக்கத்தில் நான்கு வரி எழுதித் தைக்கவில்லை. பதினெட்டுக் குவில்ட்டுகளைப் புரட்டித்தான் என்னுடையதைக் கண்டுபிடித்தோம். அதற்குள் யாரோ அடையாளத்துக்காக அதன் அடித்துணியில் பால்பாயின்ட் பேனாவால் ஓர் எண்ணை எழுதிவிட்டிருந்தார்கள். அந்த மை இன்றுவரை போகவில்லை.

குவில்ட் தைக்கக் கற்றுக்கொள்ளும்போது எல்லோரும் முன்பக்கத்தைக் கற்றுக்கொள்கிறோம். அதை வைத்துப் பிழைக்க வேண்டுமானால் பின்பக்கத்தையும் கற்க வேண்டும். பெயர்ச்சீட்டு, தொங்கவிடும் உறை, நேரக்கணக்கு, விலைப்பட்டியல், ஒப்பந்தக் கடிதம், வகுப்புக் குறிப்பு என்று பார்வையாளர் கண்ணில் படாத வேலைகள்தான் ஒரு கலைஞரைத் தொழிலில் நிலைக்க வைக்கின்றன. ஸ்டுடியோ, கண்காட்சி, கற்பித்தல் ஆகிய மூன்றிலும் அந்தப் பின்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

படுக்கையிலிருந்து சுவருக்கு

மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். குவில்ட் என்றால் இவ்வளவுதான். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. வங்காளத்தில் கந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி என்று பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் கைமுறை தலைமுறைகளாக இருக்கிறது. உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தியில் தையல் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேரும். நான்கு மூலையிலும் ‘பூ’ என்று அவர்கள் சொல்லும் சிறு துண்டுகள் இல்லாவிட்டால் அந்தக் குவில்ட் உடுத்தாமல் நிற்பதாகக் கருதுவார்கள். தஞ்சைப் பக்கம் தேருக்குக் கட்டும் தொம்பையில் நிறத்துணியை வெட்டி மேலே வைத்துத் தைக்கிறார்களே, குவில்ட்டில் அப்ளிக் எனப்படும் வேலையும் அதே கைவழக்கம்தான்.

குவில்ட்டைக் கலைக்கூடத்தின் சுவருக்கு ஏற்றிய கதை அமெரிக்காவில் நடந்தது. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், ஜொனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் இருவரும் சேகரித்த பழைய குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியது. 1979-இல் ஒஹாயோ மாநிலத்து ஏதென்ஸ் நகரில் நான்சி குரோவும் வேறு இரு கலைஞர்களும் பழைய பால்பண்ணைக் கட்டடம் ஒன்றில் ‘குவில்ட் நேஷனல்’ கண்காட்சியைத் தொடங்கினார்கள். மரபான போட்டிகளில் இடம் கிடைக்காத புதுவகைக் குவில்ட்டுகளுக்கு அது வாசல் திறந்தது. 2002-இல் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர்க் கறுப்பினப் பெண்களின் குவில்ட்டுகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு விட்னியிலும் காட்சிக்கு வந்தன. வயல்வேலைக்குப் போட்டுத் தேய்ந்த உடுப்புகளைக்கூட வெட்டித் தைத்தவை அவை. 2006-இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் ஏறின.

இன்று இந்தத் தொழிலில் வருமானத்துக்குப் பல வழிகள் உண்டு. கலைப்படைப்பாக விற்கலாம். வாடிக்கையாளர் ஆர்டரை எடுக்கலாம். வகுப்பும் உரையும் நடத்தலாம். பேட்டர்ன் எழுதி விற்கலாம். பிறர் தைத்த மேல்துணியை லாங் ஆர்ம் மிஷினில் குவில்ட் செய்து கொடுக்கலாம். கரூர் போன்ற வீட்டுத்துணி ஏற்றுமதி ஊர்களுக்கு வடிவமைப்புச் செய்யலாம். தொடக்க ஆண்டுகளில் இவற்றில் ஒன்று மட்டும் குடும்பத்தைத் தாங்காது. இரண்டு மூன்றைச் சேர்த்துப் பின்னுவதற்குத் தயாராகவே இறங்குங்கள்.

ஸ்டுடியோ: ஒரு சுவர், ஒரு மேஜை, ஒரு நோட்டு

தனி வீடு வேண்டாம். ஓர் அறையின் ஒரு சுவரும், நின்றபடி வெட்டும் உயரத்தில் ஒரு மேஜையும் போதும்.

அந்தச் சுவரை டிசைன் வால் ஆக்குங்கள். இரண்டு தெர்மாகோல் பலகைகளை வெள்ளை ஃபிளானல் துணியால் போர்த்திச் சுவரில் சாய்த்தால் வேலை முடிந்தது. வெட்டிய பருத்தித் துண்டை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் தடவினால் ஊசி இல்லாமலே ஒட்டி நிற்கும். பிறகு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். மடியில் வைத்துப் பார்க்கும்போது அழகாக இருந்த இரண்டு நிறங்கள் பத்தடி தள்ளி ஒன்றாகக் கலங்கித் தெரியும். போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது தூக்கலாக இருக்கிறது, எது அமுங்குகிறது என்பது உடனே புலப்படும். தைப்பதற்கு முன் செய்யும் இந்தச் சோதனை, தைத்த பின் பிரிக்கும் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்தது தையல் விளிம்பு. துண்டுகளை இணைத்துத் தைக்கும் பேட்ச்வொர்க்கில் கால் அங்குலம் என்றால் கால் அங்குலமேதான். ஒரு மில்லிமீட்டர் கூடினால் என்ன என்று தோன்றும். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டுகள் சேர்வதால் இழப்பு இரண்டு மில்லிமீட்டர். குறுக்கே இருபது தையல் இருந்தால் நான்கு சென்டிமீட்டர் காணாமல் போகும். பக்கத்து வரிசையோடு சேராது. புது மிஷின், புது ஃபுட், புது நூல் எது வந்தாலும் முதலில் ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

துணி வாங்க ஈரோட்டுச் சந்தையும் சென்னைக் கோடவுன் தெருவும் நமக்கு வரம். மீட்டர் கணக்கில் வாங்குங்கள், கட்பீஸும் எடுங்கள். ஆனால் சாயம் போகுமா என்று பார்க்காமல் எதையும் வெட்டாதீர்கள். நம் ஊர்க் கட்டத்துணி அமெரிக்காவில் ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்று பெயர் வாங்கியது. துவைக்கத் துவைக்கச் சாயம் கரைந்து நிறங்கள் ஒன்றில் ஒன்று இறங்குவதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். சட்டைக்கு அது அழகாக இருந்திருக்கலாம். வெள்ளைத்துணி பக்கத்தில் இருக்கும் குவில்ட்டில் சிவப்பு ஒருமுறை இறங்கினால் மாதக்கணக்கான உழைப்பு போயிற்று. இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை, வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றோடு சேர்த்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால்தான் அந்தத் துணிக்கு அலமாரியில் இடம்.

அடுத்து, நோட்டு. மிஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய தேதி, துணி எங்கே வாங்கியது, விலை, எந்த பேட்டிங், எந்த நூல், இன்று எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். வெட்டியதும், இஸ்திரி போட்டதும், பிரித்துத் தைத்ததும் நேரம்தான். இந்த நோட்டு இல்லாமல் விலை சொல்ல முடியாது. விண்ணப்பம் நிரப்ப முடியாது. பின்னால் யாராவது உங்கள் படைப்பைப் பற்றிக் கேட்டால் உறுதியாகப் பதில் சொல்லவும் முடியாது.

உடம்பையும் பாருங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து தோளை விரியுங்கள். ரோட்டரி கட்டரின் பிளேடை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடுகிற பழக்கத்தை முதல் நாளே கைக்குக் கொடுங்கள்.

கண்காட்சி: தேர்வாளர் பார்ப்பது படத்தை

எங்கே விண்ணப்பிப்பது? ஹூஸ்டனின் இன்டர்நேஷனல் குவில்ட் ஃபெஸ்டிவல், தேசியக் குவில்ட் அருங்காட்சியகம் இருக்கிற கென்டக்கியின் படூகா நகரத்தில் நடக்கும் குவில்ட் வாரம், 2003 முதல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடக்கும் ஃபெஸ்டிவல் ஆஃப் குவில்ட்ஸ் ஆகியவை உலகம் அறிந்த மேடைகள். குவில்ட் நேஷனல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 1989-இல் இவான் போர்செல்லா தொடங்கிய ‘ஸ்டுடியோ ஆர்ட் குவில்ட் அசோசியேட்ஸ்’ அமைப்பில் பல நாட்டுக் கலைஞர்கள் உறுப்பினர்கள்; அதன் கண்காட்சிகள் ஊர் ஊராகச் சுற்றும். நமக்கு மிக அருகிலும் வாசல் உண்டு: 2019-இல் சென்னையிலேயே இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. முதல் விண்ணப்பத்தை அருகில் இருந்து தொடங்குங்கள். குவில்ட்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, மாட்டும் விதத்தைக் கண்ணால் பார்த்துத் திரும்புவது பெரிய பாடம்.

விதிமுறைத் தாளைப் பென்சிலோடு இரண்டு முறை படியுங்கள். அளவு வரம்பு, எந்த ஆண்டுக்குப் பின் முடித்ததாக இருக்க வேண்டும், சொந்த வடிவமா, விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, காப்பீடு யார் பொறுப்பு, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்ற ஆறு கேள்விகளுக்கும் பதிலை அடிக்கோடிடுங்கள். வேறொருவர் வகுப்பில் கற்ற வடிவத்தைத் தைத்திருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். சொந்தப் படைப்பு மட்டும் என்று கேட்கும் இடத்துக்கு அதை அனுப்பவே வேண்டாம்.

தேர்வுக்குழு முதல் சுற்றில் பார்ப்பது உங்கள் குவில்ட்டை அல்ல, படத்தை. குவில்ட்டை நேராகத் தொங்கவிட்டு, நான்கு ஓரமும் தெரிய ஒரு முழுப்படம். தையலின் மேடுபள்ளம் தெரிய ஒரு கிட்டப்படம். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி தையலை எழுப்பிக் காட்டும். நேர் எதிரே பிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். பின்னணியில் ஜன்னலோ காலோ தெரியக் கூடாது. பெயர் மறைத்துப் பார்க்கும் தேர்வு என்றால் கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் வரக் கூடாது.

கூடவே ஒரு சிறு குறிப்பு கேட்பார்கள். “சின்ன வயதிலிருந்தே எனக்குத் துணி பிடிக்கும்” என்று தொடங்க வேண்டாம். இந்தக் குவில்ட் எதைப் பார்த்துப் பிறந்தது, எந்தத் துணியை ஏன் எடுத்தீர்கள், எந்த இடத்தில் கை மாறியது என்று ஐந்து வரி எழுதினால் போதும்.

இனி, தொங்கவிடும் உறை. பெரும்பாலான கண்காட்சிகள் நான்கு அங்குல உறை கேட்கின்றன. ஒன்பது அங்குல அகலத்தில், குவில்ட்டின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் குறைவாக முடியும்படி ஒரு பட்டை வெட்டுங்கள். இரு முனையையும் மடித்துத் தைத்து, நீளவாக்கில் குழாயாக்குங்கள். குவில்ட்டின் பின்பக்க மேலோரத்தில் மேல்விளிம்பைக் கையால் தைத்த பிறகு, குழாயை இழுத்துப் பரப்பாமல், அரை அங்குலம் மேலே தள்ளித் தளர்வு விட்டுக் கீழ்விளிம்பைத் தையுங்கள். கம்பி நுழையும்போது அந்தத் தளர்வு கம்பிக்கு இடம் கொடுக்கும்; முன்பக்கம் புடைக்காது. ஊசி அடித்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும், முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு மணி நேர வேலை. இதில் அவசரம் காட்டினால் மற்ற எல்லாம் நேராக இருந்தும் குவில்ட் கூன்போட்டுத் தொங்கும்.

அனுப்பும்போது மடிக்காதீர்கள். தடித்த அட்டைக் குழாயைப் பருத்தித் துணியால் சுற்றி, முன்பக்கம் வெளியே இருக்கும்படி குவில்ட்டை உருட்டுங்கள். சுருக்கம் வந்தாலும் பின்பக்கத்தோடு போகும். வழிப்பயணத்துக்குப் பிளாஸ்டிக் உறை சரி. வீட்டில் வைக்கும்போது பிளாஸ்டிக் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பருத்தி விரிப்பில் சுற்றி வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் நிழலில் காற்றாட விடுங்கள். வெயில் வேண்டாம். அருங்காட்சியகங்கள் துணிப்பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் வைக்கின்றன. நம் மொட்டை மாடி வெயிலோ அதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல்.

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பி வரவேண்டிய பொருளுக்கு ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்க ஆவணம் உண்டு. இந்தியாவில் அதை வழங்குவது ஃபிக்கி. வெளிநாட்டில் விற்பதாக இருந்தால் ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதி எண் தேவைப்படும். இரண்டையும் குவில்ட்டைப் பெட்டியில் போடும் முன்பே விசாரியுங்கள்.

விலை: கஷ்டம் வரும் முன் எழுதி வையுங்கள்

அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஹாரியட் பவர்ஸ், பைபிள் கதைகளைப் பதினொரு கட்டங்களில் அப்ளிக் செய்த ஒரு குவில்ட்டை 1886-இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதை வாங்கக் கேட்டபோது, எந்த விலைக்கும் தரமாட்டேன் என்றார் பவர்ஸ். சில ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தில் பணமுடை வந்தது. பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே ஸ்மித்தின் வீட்டுக்கு வந்து போனார். இன்று அது அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தின் பொக்கிஷம்.

இந்தக் கதையை என் மாணவிகளுக்கு ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். கஷ்டத்தில் இருப்பவள் பேரம் பேச முடியாது. ஆகவே கஷ்டம் இல்லாத நாளில் உட்கார்ந்து விலை எழுதி வைக்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 36-க்கு 48 அங்குலம், அதாவது 12 சதுர அடி. நோட்டுப்படி 90 மணி நேரம். உங்கள் மணிக்கூலி 250 ரூபாய் என்றால் 22,500. துணி, பேட்டிங், நூல் 4,500. மின்சாரம், மிஷின் சர்வீஸ், வாடகைப் பங்கு 3,000. மொத்தம் 30,000, சதுர அடிக்கு 2,500. இப்போது கேலரி வழியாக விற்கிறீர்கள், அவர்கள் 40 சதவீதம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைக்கு 30,000 வர வேண்டுமானால் விலைச்சீட்டில் 50,000 இருக்க வேண்டும். கேலரிக்கு ஒரு விலை, வீட்டுக்கு வருபவருக்குக் குறைந்த விலை என்று வைக்காதீர்கள். வீட்டில் விற்றாலும் 50,000தான். விற்கிற வேலையை நீங்கள் செய்ததால் கேலரியின் பங்கு உங்களுக்கு வருகிறது. விலை ஊருக்கு ஊர் மாறினால் முதலில் உடைவது நம்பிக்கை.

உரிமையும் பின்பக்கத்தைச் சேர்ந்ததே. குவில்ட்டை விற்பதால் அதன் படத்தை நாட்காட்டியிலோ போர்வையிலோ அச்சிடும் உரிமை வாங்கியவருக்குப் போய்விடாது. எழுதிக் கொடுத்தால்தான் போகும். இந்தியாவில் கலைப்படைப்பின் பதிப்புரிமை கலைஞரின் ஆயுள்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைத் தெரிந்து வையுங்கள்: டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, உங்கள் அனுமதியோடு தொழிற்சாலை முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்தால் அதில் உங்களுக்குள்ள பதிப்புரிமை முடிந்துவிடும். ஏற்றுமதி நிறுவனம் ஒன்று உங்கள் வடிவத்தைக் கேட்டு வந்தால், மாதிரியைக் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை அரசு இணையத்தில் இலவசமாகவே செய்யலாம். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஜி.எஸ்.டி. வேண்டுமா என்பதை ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அம்மாவின் சேலைகள்

நம் ஊரில் அதிகம் வரும் ஆர்டர் நினைவுக் குவில்ட். கட்டைப்பையில் ஏழெட்டுச் சேலைகளோடு ஒரு மகள் வருவார். மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, “இது எங்க அம்மா என் கல்யாணத்துக்குக் கட்டினது” என்று சொல்லும்போது கை சேலையை விட்டு அகலாது. அந்த நேரத்தில் கத்திரியை மேஜையில் வைக்காதீர்கள். முதலில் கேளுங்கள், நோட்டில் எழுதுங்கள்.

பிறகு ஒவ்வொரு சேலையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழம்பட்டு மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். விரலால் லேசாக இழுத்தாலே இழை பிரியும். அப்படிப்பட்டதற்குப் பின்னால் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய ஃப்யூசிங் வைத்த பிறகே வெட்ட வேண்டும். சரிகையின் மேல் நேராக இஸ்திரி வைக்காமல் மல்துணி போட்டு வையுங்கள். எந்தச் சேலையை வெட்டலாம், எதில் முந்தானையை மட்டும் எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மிஞ்சும் துணி யாருக்கு என்பதும் அதில் இருக்கட்டும். பாதிப் பணம் முன்பணம். வெட்டிய பிறகு மனம் மாறினால் திருப்பிக் கொடுக்க முடியாத பொருள் இது. ஆகவே வெட்டும் முன்பே எல்லாம் பேசி முடிய வேண்டும்.

கற்பித்தல்: தெரிந்த எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள்

இந்தத் தொழிலில் மாதாமாதம் வருமானம் தருவது பெரும்பாலும் வகுப்புதான். பெரிய கலைஞர்களும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். கதை சொல்லும் குவில்ட்டுகளால் புகழ்பெற்ற ஃபெய்த் ரிங்கோல்ட், 1955 முதல் 1973 வரை நியூயார்க் அரசுப் பள்ளிகளில் ஓவியம் கற்பித்தார். தன் முதல் குவில்ட்டை 1980-இல், உடை வடிவமைப்பாளரான தன் தாயோடு சேர்ந்து செய்தார். 1988-இல் அவர் முடித்த ‘டார் பீச்’ குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துணித்துண்டுகளால் ஆளுயர உருவப்படங்கள் செய்யும் பிசா பட்லரும் பல ஆண்டுகள் நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியையாக இருந்தவர். சிகாகோ கலைக்கழகம் அவருக்குத் தனிக்கண்காட்சி வைத்தது 2020-இல். நான்சி குரோ ஒஹாயோவில் தன் பண்ணைக் களஞ்சியத்தையே பயிலரங்காக்கினார்.

நல்ல வகுப்புக்கு ஒரு நோக்கம் போதும். மூன்று மணி நேரத்தில் மாணவி ஒன்றைச் செய்து முடித்து, கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஓர் உதாரணம்: ‘ஒன்பது கட்டம்’ பிளாக் ஒன்று. முதல் அரை மணி, வெட்டுவது. அடுத்த ஒன்றரை மணி, தைப்பதும் இஸ்திரி போடுவதும். மீதி நேரம், எல்லோருடையதையும் சுவரில் வைத்துப் பேசுவது. கடைசி ஒரு மணியை விட்டுவிடாதீர்கள். ஒன்பது சதுரமும் ஒரே அளவு, ஒரே முறை. ஆனாலும் எட்டுப் பேருடையதும் எட்டு விதமாகச் சுவரில் நிற்கும். நிறம் என்றால் என்னவென்று மாணவிகளுக்குப் புரிவது அந்த நிமிடத்தில்தான்.

ஒரு வகுப்புக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒருவரின் தையலைக் குனிந்து பார்க்க நேரம் இருக்க வேண்டும். வெட்டுத்துணி, நூல், ஊசி சேர்ந்த கிட்டை நீங்களே கொடுங்கள். சாயம் போகும் துணியும் வழுக்கும் துணியும் வகுப்புக்குள் வராது. நடக்கும் இடத்தை முதல் நாளே போய்ப் பாருங்கள். 1000 வாட் இஸ்திரிப்பெட்டி மூன்றை ஒரே போர்டில் செருகினால் 13 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் போய், எட்டுப் பேரும் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். தனித்தனி 15 ஆம்பியர் பிளக் எங்கே என்று கேட்டு வையுங்கள்.

மாதிரிகளைக் கட்டம் கட்டமாகச் செய்து கொண்டுபோங்கள்: வெட்டியது, பாதி தைத்தது, தப்பாகத் தைத்தது, சரியாக முடித்தது. தப்பாகத் தைத்த மாதிரியைத்தான் மாணவிகள் அதிக நேரம் கையில் வைத்துப் பார்ப்பார்கள்.

வெளியூரில் கூப்பிட்டால் கட்டணம், பயணம், தங்குமிடம், குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை, ரத்தானால் என்ன, வகுப்பை வீடியோ எடுக்கலாமா ஆகியவற்றை ஒரு பக்கக் கடிதமாக அனுப்பி, ஒப்புதல் வாங்கிய பிறகே டிக்கெட் எடுங்கள். வகுப்போடு டிரங்க் ஷோவும் வைக்கலாம்: பத்துப் பன்னிரண்டு குவில்ட்டுகளைப் பெட்டியில் கொண்டுபோய், ஒவ்வொன்றாக விரித்து அதன் கதையைச் சொல்வது. முன்பக்கத்தைக் காட்டிய பின் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டுங்கள். முடிச்சு எங்கே ஒளிகிறது என்று பார்க்க எல்லோரும் எழுந்து முன்னால் வருவார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வகுப்பு வருமானம் இனிக்கும். ஸ்டுடியோ நேரத்தை அது சத்தமில்லாமல் தின்னும். வாரத்தில் நான்கு நாள் ஸ்டுடியோ, ஒரு நாள் வகுப்பு, ஒரு நாள் கணக்கும் கடிதமும் என்று பிரித்துச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக எதையும் தைக்காத ஆசிரியரிடம் இரண்டாம் ஆண்டில் கற்க ஒன்றும் மிஞ்சாது.

முதல் ஆண்டுக்கு ஓர் அட்டவணை

முதல் மூன்று மாதம்: டிசைன் வால், நோட்டு, ஒரே அளவில் நான்கு சிறு குவில்ட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கைமுறையை மட்டும் பயிலுங்கள்.

நான்கு முதல் ஆறு: ஒரு பெரிய படைப்பு. அதன் மணிக்கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதுங்கள். உத்யம் பதிவையும் தனி வங்கிக் கணக்கையும் முடியுங்கள்.

ஏழு முதல் ஒன்பது: நல்ல படங்கள், விலைப்பட்டியல், பக்கத்து ஊர்க் கண்காட்சி ஒன்றுக்கு விண்ணப்பம். நான்கு தோழிகளை வைத்து ஓர் ஒத்திகை வகுப்பு.

பத்து முதல் பன்னிரண்டு: கட்டண வகுப்பு இரண்டு, ஆர்டர் ஒன்று, வெளிமாநிலமோ வெளிநாடோ ஒரு விண்ணப்பம். நிராகரிப்புக் கடிதம் வந்தால் நோட்டில் ஒட்டிவிட்டு, அதே படைப்பை அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். வேறு இடங்களில் இடம் கிடைக்காதவர்களால்தான் குவில்ட் நேஷனலே பிறந்தது.

கடைசியாக, அந்தப் பெயர்ச்சீட்டு

ஹாரியட் பவர்ஸின் பதினொரு கட்டங்களில் எது என்ன கதை என்று இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், குவில்ட்டை ஒப்படைத்த அன்று அவர் சொல்லச் சொல்ல ஜென்னி ஸ்மித் எழுதி வைத்ததுதான். அப்படி எழுதி வைக்க எல்லோருக்கும் ஒரு ஜென்னி ஸ்மித் கிடைப்பதில்லை. நம்முடையதை நாமே எழுத வேண்டும்.

நான்குக்கு ஆறு அங்குல வெள்ளைப் பருத்தித் துண்டு எடுங்கள். துணியில் அழியாத பிக்மென்ட் மைப் பேனாவால் படைப்பின் பெயர், உங்கள் முழுப்பெயர், ஊர், முடித்த ஆண்டு, அளவு, துணியும் பஞ்சும் என்ன, எப்படித் துவைப்பது என்று எழுதுங்கள். இஸ்திரி வைத்து மையை இறுக்குங்கள். நினைவுக் குவில்ட் என்றால் யாருடைய சேலைகள் என்ற வரியையும் சேருங்கள்.

குவில்ட் முடிந்த பிறகு இதை ஒட்டித் தைப்பதுதான் பொதுவான வழக்கம். நான் அந்த மேஜைக்குப் பிறகு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மூன்று அடுக்கையும் சேர்க்கும் முன்பே அடித்துணியின் கீழ்மூலையில் சீட்டைத் தைத்துவிடுகிறேன். பிறகு முன்பக்கத்தில் அந்த மூலை வழியே ஓடும் ஒவ்வொரு குவில்ட்டிங் தையலும் அந்தச் சீட்டையும் ஊடுருவிப் போகிறது. பெயரைப் பிரிக்க வேண்டுமானால் குவில்ட்டையே பிரிக்க வேண்டும்.